எட்டு வீட்டுச் செயலாளர்

மார்ச் 4

மைனாவுக்கு,

நீ செயலாளர் ஆகிவிட்டாய் என்று இரண்டாம் மாடிப் பல் டாக்டர் போனில் சொன்னார். மற்ற எல்லாரும் "நமக்கு எதுக்கு வம்பு" என்று கையை விரித்த பிறகுதான் உன் வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். அதையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். ஆகவே தலைகால் புரியாமல் ஆடாதே. இது தற்காலிக ஏற்பாடு. என் இடுப்பெலும்பு கூடியதும் வந்து பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

உன் அண்ணன் போய் ஆறு வருஷம். அன்றிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை. நான் நாலாம் மாடியிலிருந்து லிஃப்டில் வந்தால், முதல் மாடியில் நிற்கும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு படியில் இறங்குவாய். இப்போது மகன் வீட்டில் படுத்துக்கொண்டு போனில் உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. தவிர, செயலாளரிடம் சொல்வது எதுவானாலும் எழுத்தில்தான் என்று விதி போட்டவளே நான். அதனால் எழுதுகிறேன்.

சாவிக்கொத்து வாட்ச்மேனிடம் இருக்கிறது. நீல நாடா மோட்டார் அறை. சிவப்பு நாடா மொட்டை மாடி. நாடா இல்லாதது என் வீட்டு மாற்றுச் சாவி. குழாய் வெடித்தால் ஒழிய அதைத் தொடக் கூடாது.

காலை ஐந்தரைக்கு மோட்டார் போட வேண்டும், ஆறேகாலுக்கு நிறுத்த வேண்டும். மறந்தால் மேல்தொட்டி வழிந்து மூன்றாம் மாடித் தையல்காரம்மா உலர்த்திய துணியெல்லாம் நனையும். அப்புறம் அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க ஒரு வாரம் ஆகும். வாட்ச்மேன் நல்லவன்தான். ஆனால் ஒரே பேச்சில் மூன்று தடவை "சரிங்கம்மா" சொன்னான் என்றால் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பை அழுத்திக் குத்தாதே, ஓரம் தேய்ந்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் மாதம் ஒரு முறை வருவான். வந்தவன் நிஜமாகவே மேலே ஏறிப் பார்க்கிறானா என்று பக்கத்தில் நில்.

மொட்டை மாடியில் என் பூந்தொட்டிகள் இருபத்து மூன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அதுவாவது ஒழுங்காகச் செய்வாய் என்று நினைக்கிறேன்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

செயலாளர் பொறுப்பை முறைப்படி ஏற்றுக்கொண்டேன். அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வந்த தபால், போன தபால் என்று பதிவேடு எழுதிய கை இது. எட்டு வீட்டைத் தாங்கும்.

முதலில் ஒன்று. என்னை மைனா என்று எழுத வேண்டாம். அது அண்ணன் வைத்த பெயர். அவருடைய வீடு உங்கள் பக்கம் போனது, அலமாரி போனது, கண்ணாடி, கடிகாரம் எல்லாம் போனது. இந்தப் பெயர் மட்டும் உங்கள் பங்கில் வரவில்லை.

மோட்டார் நேரத்துக்கு ஓடுகிறது. வாட்ச்மேன் நேற்று நாலு தடவை "சரிங்கம்மா" சொன்னான். நானும் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் வாசலைப் பெருக்கி முடித்துவிட்டான். தையல்காரம்மா என்னைப் படியில் பார்த்துவிட்டு, "இனிமேலாச்சும் இந்தக் கட்டடத்துல மனுஷங்க மூச்சு விடலாம்" என்றாள். யாரை மனதில் வைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நீங்கள் சொன்னபடி பக்கத்திலேயே நின்றேன். உச்சி அறையில் ஏறிப் பார்த்தவர் முகம் வெளிறி இறங்கினார். "மேடம், ரோப்பு இழை இழையா பிரிஞ்சு நிக்குது. இத்தன நாள் அறுந்து விழாததே பெரிசு. இன்னைக்கே நிறுத்திடுங்க" என்றார். ஒன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த செயலாளருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பல் டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். லிஃப்டை நிறுத்திவிட்டேன். புது ரோப்புக்குச் சொல்லியாகிவிட்டது.

சங்கத்தின் விதிப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். நீங்கள் எழுதிய நாற்பத்தொரு விதிகளில் முப்பத்தெட்டு "கூடாது" என்று முடிகின்றன. இருபத்திரண்டாவது விதி: மொட்டை மாடி பொது இடம், அங்கே யாரும் சொந்தப் பொருள் வைக்கக் கூடாது. தையல்காரம்மா கட்டிய துணிக்கயிற்றை அந்த விதியைக் காட்டித்தான் அறுத்தீர்களாம். இப்போது அங்கே யாரோ ஒருவருடைய தொட்டிகள் இருபத்து மூன்று இருக்கின்றன. ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்தும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

செயலாளர்


மார்ச் 19

அடியே,

செடிமேல் கை வைத்தாயோ, நடப்பது வேறு. படுத்துக் கிடக்கிறவள் எங்கே வந்து அப்புறப்படுத்துவது? உனக்கு அது தெரியாதா? தெரிந்துதானே ஒட்டினாய்.

அந்த ரோப்பைப் பற்றி இரண்டு வருஷமாக மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தான் என்று அந்தப் பல் டாக்டரிடம் போய்ச் சொல். அவன் பிடுங்குகிற பல்லை ஒழுங்காகப் பிடுங்கட்டும்.

லிஃப்டை நிறுத்தியது சரி. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம் முடி. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோலை ஊன்றிச் சமதரையில் நடக்கிறேன். படி மட்டும் ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது என்கிறார். லிஃப்ட் இருந்தால் எனக்கு யாருடைய தயவும் வேண்டாம். உன்னுடையதும் வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

தொட்டிகளின் கெடு மார்ச் 18இல் முடிந்தது. யாரும் எடுக்கவில்லை. உங்கள் கடிதம் 23ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு போயின. மீதியை வாட்ச்மேன் தெருமுனையில் வைத்தான், சாயங்காலத்துக்குள் காணோம். தொட்டியைத்தான் எடுத்திருக்கிறார்கள். செடிகளை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

லிஃப்ட் விஷயம். பதினேழாவது விதிப்படி, பொது இயந்திரத்தில் முக்கியப் பாகம் எதையும் மாற்றுவதற்கு முன் எட்டு வீட்டுக்காரர்களும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வேலை தொடங்கக் கூடாது. உங்கள் விதிதான். ஆறாம் எண் வீட்டுக்காரர் மோட்டார் மாற்றச் சொன்னபோது, இந்த விதியைக் காட்டி அவரை நாலு மாதம் அலைக்கழித்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஏழு வீட்டுச் சம்மதம் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் எதிர்வீட்டுக்காரர்கூட அனுப்பிவிட்டார். நீங்கள் மட்டும் பாக்கி. படிவம் இத்துடன் இருக்கிறது. வீடு உங்கள் மகன் பேரில் இருந்தாலும், சங்கத்தில் உறுப்பினராகப் பதிவானது நீங்கள்தான். ஆகையால் அவன் கையெழுத்து செல்லாது.

செயலாளர்


ஏப்ரல் 14

மைனா,

அப்படித்தான் எழுதுவேன். ஐம்பது வருஷம் கூப்பிட்ட வாய்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இனி தாமதிக்காதே.

செடிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் உனக்குத்தான் வயிறு குளிரும்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கென்று அறை கிடையாது. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு திரை. யாராவது விருந்தாளி வந்தால் மருமகள் திரையை இழுத்துவிடுவாள். நான் இருமாமல் இருக்க வேண்டும். போன வாரம் அவளுடைய ஆபீஸ் சிநேகிதிகள் வந்தார்கள். திரைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் கிடந்தேன். பாத்ரூம் போக வேண்டும் என்று கூப்பிட வெட்கமாக இருந்தது. கடைசியில் கட்டில் நனைந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு விரிப்பை மாற்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு என் வீடு வேண்டும். என் பாத்ரூமில் என் சுவரைப் பிடித்துக்கொண்டு நானே போவேன். நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். லிஃப்டை ஓட்டிக் கொடு.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

உங்கள் படிவம் 20ஆம் தேதி வந்தது. ஏற்க முடியாத நிலையில் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் ஒன்பது வருஷமாக இருக்கும் உங்கள் கையெழுத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே ஓடுகிறது. நடுவில் இரண்டு இடத்தில் பேனா நின்று நின்று போயிருக்கிறது. இரண்டும் ஒரே கை என்று என்னால் சான்று சொல்ல முடியாது. உங்கள் கை நடுங்குவதால் இருக்கலாம். ஆனால் சங்கத்தின் பதிவேட்டில் நடுக்கத்துக்கு இடமில்லை. புதிய படிவம் வைத்திருக்கிறேன். பழைய கையெழுத்தைப் போல் போட்டு அனுப்பவும்.

உங்கள் கட்டில் விஷயம் படித்தேன்.

நானும் ஒன்று சொல்கிறேன். அண்ணனை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலாம் மாடிக்கு ஓடி வந்தேன். நீங்கள் கதவைச் சங்கிலி போட்டு நாலு விரல் திறந்து, "டாக்டர் யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றீர்கள். அம்மா அப்பா இல்லாத எனக்குத் தலை பின்னிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்த அண்ணன். உங்கள் வாசல் படியில் ஒன்பது நாள் உட்கார்ந்தேன். குளிக்கவும் துணி மாற்றவும் மட்டும் கீழே போவேன். என் கண்ணெதிரே பல் டாக்டர் உள்ளே போனார். உங்கள் தங்கை போனாள். மூன்றாம் நாள் முடி திருத்துகிறவர் பெட்டியோடு வந்தார், அவரையும் விட்டீர்கள். வெளியே வந்தவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, "ஷேவ் பண்ணிவிட்டேன்மா, முகம் நல்லாயிருக்கு" என்றார். அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் காலையில் கதவை முழுக்கத் திறந்தீர்கள்.

திரைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு எனக்கும் தெரியும் அண்ணி.

செயலாளர்


மே 5

செயலாளருக்கு,

தையல்காரம்மா என் மகனுக்குப் போன் செய்து என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அவளுக்கும் எனக்கும் ஆகாது. கயிறு அறுத்ததை இன்னும் மறக்கவில்லை. அவளே பேசுகிறாள் என்றால் பார்த்துக்கொள்.

"அம்மா, புது ரோப்பு வந்து ஒரு மாசமாச்சு. மோட்டார் ரூம்ல சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கா. மெக்கானிக் மூணு தடவ வந்துட்டுத் திரும்பிப் போறான். நான் தெனம் துணி மூட்டையத் தூக்கிட்டு மூணு மாடி ஏறி முட்டி தேஞ்சு போச்சு. உங்க குடும்பச் சண்டைக்கு என் கால்தானா கெடச்சுது?" என்றாள்.

ஆக, என் கையெழுத்தும் இல்லை, விதியும் இல்லை. நான் வீட்டுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். லிஃப்ட் ஓடினாலும் வருகிறேன், ஓடாவிட்டாலும் வருகிறேன். ஊர்ந்தாவது ஏறுவேன். தடுக்க முடிந்தால் தடுத்துப் பார்.


மே 12

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் வேறு விதமாக ஊரெல்லாம் சொல்வீர்கள். அதனால் என் பக்கம் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் பாதியாகப் போயிருந்தீர்கள். உங்கள் மகனும் வாட்ச்மேனும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "பொணம் தூக்கற மாதிரி என்னைத் தூக்காதீங்கடா, நானே ஏறறேன்" என்று நீங்கள் போட்ட சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்டது.

கீழிருந்து முதல் மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் கோல் தட்டும் சத்தத்தை எண்ணினேன். பதினெட்டு முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு மேல் சத்தம் இல்லை. கதவுக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன். என் வாசலுக்கு நேர் எதிரே படியில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மகன் யாரையாவது துணைக்குக் கூட்டிவரக் கீழே ஓடியிருந்தான். புடவை முழங்காலுக்கு ஏறிக் கிடந்தது, இழுத்துவிட உங்களுக்குத் தெம்பு இல்லை. கோலால் என் கதவைத் தட்டினீர்கள்.

"மைனா, கதவைத் திற. கொஞ்சம் தண்ணி குடு."

நான் உடனே உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தேன். அது உண்மை. எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"மைனா, உள்ளதான் இருக்க. எனக்குத் தெரியும். நாக்கு ஒட்டிக்கிச்சு."

அப்போது தாழ்ப்பாளை விட்டுக் கையை எடுத்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். மெதுவாகக் குடித்தேன். உங்கள் மகன் ஏறி வந்து, "அத்தை, இது உங்களுக்கே நல்லா இருக்கா? என் அம்மாவுக்காக வேணாம், எங்கப்பாவுக்காகத் திறங்க" என்றான். உங்கள் மகனாக இருந்தும் குரல் அண்ணன் குரல். அதற்கும் திறக்கவில்லை.

பிறகு உங்களை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். அப்போது நீங்கள் சத்தம் போடவில்லை.

சந்தோஷமாக இருந்தேனா என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருந்தேன்.

செயலாளர்


மே 21

மைனா,

நான் அவசரமாக எழுதுகிறேன். கை நடுங்குகிறது, படிக்க முடிந்தவரை படி.

என் மகன் வீட்டை விற்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை காரில் திரும்பும்போதே சொன்னான். "இனிமே நீங்க அங்க போய் என்னம்மா பண்ணப் போறீங்க? ஏற முடியாத வீடு எதுக்கு?" என்றான். ஆளும் பார்த்துவிட்டானாம். சங்கத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று செயலாளர் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. உன்னிடம் அந்தத் தாள் வரும். கையெழுத்துப் போடாதே. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். என்னால் குனிய முடியாது, மனதால் விழுந்ததாக வைத்துக்கொள். அந்த வீடு போனால் எனக்குத் திரையும் கட்டிலும்தான்.

உனக்கு ஒன்று தருகிறேன். ஆறு வருஷமாக நான் யாருக்கும் தராதது. இதை வாங்கிக்கொண்டு கையெழுத்தை நிறுத்து.

உன்னை உள்ளே விடக் கூடாது என்று சொன்னது டாக்டர் இல்லை. நானும் இல்லை. உன் அண்ணன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "மைனாவை உள்ள விடாத. அவ முகத்தைப் பார்த்தா எனக்கு உயிர் போகாது. இழுத்துக்கிட்டுக் கெடப்பேன்." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இதை நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுதுவிட்டு எழுந்து போயிருப்பாய், என்னை வெறுத்திருக்க மாட்டாய். ஏன் சொல்லவில்லை என்று கேள். மணிக்கு ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து, "மைனா வெளியில இருக்காளா?" என்று கேட்பார். நீ இருந்தாய். நான், "இல்ல, அவ அப்பவே போயிட்டா" என்பேன். அவர் முகம் வாடும். மறுபடி ஒரு மணி நேரத்தில் அதே கேள்வி. நாற்பத்து நாலு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, கடைசியில் மலமும் மூத்திரமும் எடுத்தவள் நான். அந்த ஒன்பது நாளில் "நீ சாப்பிட்டியா?" என்று என்னை ஒரு தடவை கேட்கவில்லை. போகும்போதும் அவர் வாயில் இருந்தது உன் பெயர். அதை உனக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஒன்றாவது என்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடாதே.

அண்ணி


ஜூன் 1

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் 27ஆம் தேதி வந்தது. உங்கள் மகன் 18ஆம் தேதியே வந்துவிட்டான். அவன் தாளை நீட்டியதும் ஸ்டாம்பு குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உட்காரச் சொல்லக்கூட இல்லை, நின்றபடியே கொடுத்தேன். ஒன்பது நாள் முன்னால் நீங்கள் எழுதியிருந்தால்?

இந்தக் கேள்வியை நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆறு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் என்று நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

28ஆம் தேதி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "உங்க விதி எல்லாம் முடிஞ்சுதா மேடம்?" என்றார். முடிந்தது என்றேன். மதியத்துக்குள் ரோப்பு மாற்றிவிட்டார். இவ்வளவுதான் வேலை, நாலு மணி நேரம். தையல்காரம்மா லிஃப்டுக்குள் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நான் நாலாம் மாடிக்கு ஏறினேன். மாற்றுச் சாவியால் உங்கள் வீட்டைத் திறந்தேன். எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. சாமான்களைக் கட்ட வந்த ஆட்கள் ஹாலில் இருந்தார்கள். அண்ணன் படுத்த கட்டிலைக் கழற்றி நான்கு துண்டாகச் சுவரில் சாய்த்திருந்தார்கள். "இது போகுதா, இருக்குதாம்மா?" என்று ஒருவன் கேட்டான். என் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பூட்டச் சொன்னேன். பூட்டியாகிவிட்டது. வீடு வாங்கியவர்கள் பதினைந்தாம் தேதி வருகிறார்கள்.

அவர் கேட்டபோதெல்லாம் நான் வெளியில்தான் இருந்தேன். கதவு இரண்டு அங்குல மரம். ஒரு வார்த்தை, "இருக்கா" என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அந்த நிம்மதியோடு போயிருப்பார். என்னை உள்ளே விடாததை மன்னிக்கலாம் போலிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை மறைத்ததை மன்னிக்க மாட்டேன். நீங்களும் மன்னிக்காதீர்கள், தண்ணீருக்காக.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். என் பின்பக்க அறை காலியாக இருக்கிறது. பாத்ரூம் அறையோடு சேர்ந்தது. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாருங்கள். பாசத்தால் கூப்பிடவில்லை. எனக்கு அந்த ஒன்பது நாளும் வேண்டும். அவர் என்ன கேட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், என்ன சாப்பிட்டார், எப்போது சிரித்தார், என்னைப் பற்றி என்னென்ன சொன்னார், ஒன்று விடாமல் நாளுக்கு ஒரு நாளாகச் சொல்ல வேண்டும். ஒன்பது நாளும் கூடவே இருந்து பார்த்தவர் உங்களைத் தவிர யாரும் இல்லை. ஒன்பதாம் நாள் சொல்லி முடித்த மறுநாள் காலையில் உங்கள் மகனைக் கூப்பிட்டு அனுப்பிவிடுவேன். அதற்கு மேல் ஒரு வேளைச் சோறு என் வீட்டில் கிடையாது.

மைனா


ஜூன் 7

மைனா,

வருகிறேன். என் மகன் வியாழக்கிழமை கொண்டுவந்து விடுகிறான். எனக்கு உப்புக் குறைவாகப் போட வேண்டும், தலையணை இரண்டு வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்கிறேன், ஒளிக்க மாட்டேன். ஆனால் எனக்கு எழுபது வயது. ஞாபகம் முன்போல் இல்லை. முதல் நாள் ஒன்றை மட்டும் நினைவுக்குக் கொண்டுவரவே எனக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரப்படுத்தினால் எல்லாம் மறந்துவிடும்.

அண்ணி